ஹார்டு டிஸ்க்கே இல்லாமல் ஓடும் கம்ப்யூட்டர் லேப்: மலைக்கிராமப் பள்ளிகளுக்கு ‘நெட்வொர்க் பூட்’ கைகொடுக்குமா?

சேலத்தில் இருந்து ஏற்காட்டுக்கு ஏற 20 கொண்டை ஊசி வளைவுகள். அதையும் தாண்டி உள்ளே போனால்தான் மாரமங்கலம் போன்ற சேர்வராயன் மலை ஊராட்சிகள் வரும். காபித் தோட்டங்களும் சில்வர் ஓக் மரங்களும் சூழ்ந்த பகுதி. மலையாளி பழங்குடியினர் அதிகம் வாழும் மலை இது.

இப்படி ஒரு மலை ஊரில் இருக்கும் பள்ளியின் கம்ப்யூட்டர் லேபில், “மிஸ், இந்த சிஸ்டம் ஆன் ஆகலை” என்று ஒரு மாணவி சொன்னால் என்ன ஆகும்? சமவெளியில் என்றால் சர்வீஸ் ஆளை அன்றைக்கே வரச் சொல்லலாம். மலையில் அது ஒரு நாள் பயணம். ஒரே ஒரு சிஸ்டத்துக்காக யாரும் ஏறி வர மாட்டார்கள். அடுத்த சிஸ்டமும் போகட்டும், சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போகத்தான் வாய்ப்பு அதிகம்.

அதுவரை அந்த மாணவி பக்கத்து சிஸ்டத்தில் இன்னொரு மாணவியோடு உட்கார வேண்டும். ஒருத்தி டைப் செய்வாள், இன்னொருத்தி பார்ப்பாள். பிளஸ் 2 கம்ப்யூட்டர் சயின்ஸ் பிராக்டிக்கல் நெருங்கும்போது இது சின்ன விஷயம் இல்லை.

ஒவ்வொரு சிஸ்டத்தையும் தனித்தனியாகப் பராமரிக்காமல், ஒரே ஒரு சர்வரை மட்டும் பார்த்துக்கொண்டால் எல்லா சிஸ்டமும் ஓடும்படி செய்ய முடியுமா? முடியும். இதற்குப் பெயர் ‘நெட்வொர்க் பூட்’. இது எப்படி வேலை செய்கிறது, என்னென்ன தேவை, எங்கே சிக்கல் வரும்? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால்...

• லேபில் உள்ள கம்ப்யூட்டர்களில் ஹார்டு டிஸ்க் தேவையில்லை. இருந்தாலும் அதைப் பயன்படுத்தத் தேவையில்லை.

• ஆன் செய்ததும் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் கேபிள் வழியாக சர்வரிடம் இருந்து ஆபரேட்டிங் சிஸ்டத்தை வாங்கிக்கொள்ளும்.

• மென்பொருள், அப்டேட், மாணவர்களின் ஃபைல்கள் எல்லாமே சர்வரில்தான் இருக்கும்.

• இதற்கு இன்டர்நெட் கட்டாயம் இல்லை. லேபுக்குள் இருக்கும் லோக்கல் நெட்வொர்க் போதும்.

• ஆனால் சர்வர் படுத்தால் மொத்த லேபும் படுத்துவிடும்.

ஒரே சமையலறை கணக்கு

உண்டு உறைவிடப் பள்ளியை நினைத்துக்கொண்டால் இது சுலபமாகப் புரியும். விடுதியில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு அடுப்பு, ஒரு சிலிண்டர், ஒரு பாத்திர செட் என்று கொடுப்பதில்லை. ஒரே சமையலறை. சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் தட்டோடு வந்து வாங்கிக்கொள்கிறார்கள்.

வழக்கமான கம்ப்யூட்டர் லேப் என்பது அறைக்கு ஒரு அடுப்பு வைத்த விடுதி மாதிரி. 15 சிஸ்டம் என்றால் 15 ஹார்டு டிஸ்க், 15 ஆபரேட்டிங் சிஸ்டம், 15 வைரஸ் பிரச்சினை. நெட்வொர்க் பூட் என்பது ஒரே சமையலறை.

லாபமும் ஆபத்தும் இந்த ஒப்பீட்டிலேயே இருக்கிறது. ஒரு இடத்தைச் சுத்தமாக வைத்திருந்தால் போதும். ஆனால் அங்கே அடுப்பு எரியவில்லை என்றால் அன்றைக்கு யாருக்கும் சாப்பாடு இல்லை.

பவர் பட்டனை அழுத்தியதும் என்ன நடக்கிறது?

சாதாரண கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் தன் ஹார்டு டிஸ்க்கைத் தேடும். அதில் இருக்கும் விண்டோஸையோ லினக்ஸையோ எடுத்து ஓட வைக்கும். நெட்வொர்க் பூட்டில் நடப்பது வேறு.

முதல் கட்டம்: நெட்வொர்க் கார்டு விழித்துக்கொண்டு, “நான் புதுசா வந்திருக்கேன், எனக்கு ஒரு முகவரி கொடுங்க” என்று நெட்வொர்க் முழுக்கக் குரல் கொடுக்கும்.

இரண்டாம் கட்டம்: இதற்குப் பதில் சொல்லும் சேவையின் பெயர் டிஹெச்சிபி. அது ஒரு ஐபி முகவரியைக் கொடுக்கும். கூடவே, “நீ ஸ்டார்ட் ஆகத் தேவையான ஃபைல் இந்த சர்வரில், இந்தப் பெயரில் இருக்கு” என்ற தகவலும் போகும்.

மூன்றாம் கட்டம்: கம்ப்யூட்டர் அந்தச் சின்ன ஃபைலை டிஎஃப்டிபி என்ற எளிய முறையில் இழுத்துக்கொள்ளும். இதுதான் பூட் லோடர்.

நான்காம் கட்டம்: பூட் லோடர், ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலை சர்வரில் இருந்து கொண்டு வந்து மெமரியில் ஏற்றும்.

ஐந்தாம் கட்டம்: கெர்னல், சர்வரில் இருக்கும் டிஸ்க் இமேஜைத் தன் சொந்த ஹார்டு டிஸ்க் போலவே இணைத்துக்கொள்ளும். இதற்கு என்எஃப்எஸ் போன்ற முறைகள் பயன்படுகின்றன. அவ்வளவுதான், லாகின் திரை வந்துவிடும்.

இங்கே பலருக்கும் ஒரு சந்தேகம் வரும். “அவ்வளவு பெரிய ஆபரேட்டிங் சிஸ்டத்தை தினமும் காப்பி பண்ணுமா?” இல்லை. அந்தந்த நேரத்துக்கு எந்தப் பகுதி தேவையோ அதை மட்டும்தான் எடுக்கும். பிரவுசரைத் திறந்தால் பிரவுசர் வரும். திறக்காத மென்பொருள் சர்வரிலேயே கிடக்கும்.

இது புதுசா? இல்லை, 40 வயசு ஆகிறது

ஹார்டு டிஸ்க் விலை மிக அதிகமாக இருந்த 1980-களில் பிறந்த யோசனை இது. டிஎஃப்டிபி முறை 1981-ல் வரையறுக்கப்பட்டது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-ல் என்எஃப்எஸ் முறையைக் கொண்டு வந்தது. டிஸ்க் இல்லாத கம்ப்யூட்டர்களை ஸ்டார்ட் செய்வதற்கான பூட்பி முறை 1985-ல் வந்தது. அதன் வாரிசுதான் இன்றைக்கு வீட்டு வைஃபை ரவுட்டரில்கூட இருக்கும் டிஹெச்சிபி.

1990-களின் கடைசியில் இன்டெல் நிறுவனம் இவற்றை ஒன்றாகக் கோத்து ‘பிஎக்ஸ்இ’ என்ற தரநிலையை உருவாக்கியது. ‘பிக்ஸி’ என்று உச்சரிப்பார்கள். அதன் 2.1 பதிப்பு 1999-ல் வெளியானது. அதன் பிறகு வந்த பெரும்பாலான டெஸ்க்டாப் மதர்போர்டுகளில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. பழைய கம்ப்யூட்டரின் பயாஸில் ‘நெட்வொர்க் பூட்’ அல்லது ‘லேன் பூட்’ என்று ஒரு வரி தெரிவது இதுதான்.

அதே 1999-ல் அமெரிக்காவைச் சேர்ந்த ஜிம் மெக்குவிலன் தொடங்கிய ‘லினக்ஸ் டெர்மினல் சர்வர் புராஜெக்ட்’, சுருக்கமாக எல்டிஎஸ்பி, பள்ளிகளுக்கு இதைக் கொண்டு போனது. இலவச மென்பொருள். 2019-ல் கிரீஸைச் சேர்ந்த அல்கிஸ் ஜார்ஜோபுலோஸ் இதை முழுக்கப் புதிதாக எழுதினார். கிரீஸ் நாட்டுப் பள்ளி லேப்களில் வேலை பார்த்த அனுபவத்தில் இருந்து வந்த மாற்றம் அது.

சென்னைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 2000-களின் நடுவில் சென்னையைச் சேர்ந்த நோவாட்டியம் நிறுவனம் ‘நெட்பிசி’ என்ற விலை குறைந்த கருவியைக் கொண்டு வந்தது. சென்னை ஐஐடி பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா, தொழில்முனைவோர் ராஜேஷ் ஜெயின் ஆகியோர் அதன் பின்னணியில் இருந்தனர். பயனரிடம் எளிய பெட்டி மட்டும் இருக்கட்டும், கனமான வேலையெல்லாம் மையத்தில் உள்ள சர்வரில் நடக்கட்டும் என்பதுதான் அதன் அடிப்படை.

தின் கிளையன்ட், ஃபேட் கிளையன்ட்: என்ன வித்தியாசம்?

சர்வரில் இருந்து ஸ்டார்ட் ஆகும் கம்ப்யூட்டருக்கு ‘கிளையன்ட்’ என்று பெயர். இதில் இரண்டு வகை.

தின் கிளையன்ட்: மென்பொருள் சர்வரிலேயே ஓடும். கிளையன்டின் வேலை திரையைக் காட்டுவதும் கீபோர்டு, மவுஸ் அசைவை அனுப்புவதும்தான். மிகப் பழைய கம்ப்யூட்டர்கூடப் போதும். ஆனால் 15 பேரின் வேலையையும் சர்வர் ஒன்றே சுமக்க வேண்டும். அதனால் சர்வரில் 32 ஜிபி அளவுக்கு ரேம் வைத்துக்கொள்வது நல்லது.

ஃபேட் கிளையன்ட்: ஆபரேட்டிங் சிஸ்டம் சர்வரில் இருந்து வந்தாலும், மென்பொருள் ஓடுவது அந்தந்தக் கம்ப்யூட்டரின் சொந்த பிராசஸரிலும் ரேமிலும்தான். சர்வருக்குப் பாரம் குறைவு. நல்ல டெஸ்க்டாப்பையே சர்வராக வைத்து 15 சிஸ்டத்தைச் சமாளிக்கலாம். ஆனால் ஒவ்வொரு கிளையன்டிலும் குறைந்தது 2 ஜிபி ரேம் வேண்டும். 4 ஜிபி இருந்தால் பிரவுசர் திணறாது.

புதிய எல்டிஎஸ்பி இரண்டாவது வகையில்தான் ஓடுகிறது. பள்ளிகளில் இன்று இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கும் இதுவே பொருத்தம்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு இது ஏன் முக்கியம்?

தமிழ்நாட்டில் 3,090 அரசு உயர்நிலைப் பள்ளிகள், 2,939 மேல்நிலைப் பள்ளிகள் என மொத்தம் 6,029 பள்ளிகளில் ஹைடெக் லேப் அமைக்கும் திட்டம் கொண்டுவரப்பட்டது. லேப் அமைப்பது ஒரு முறை செய்யும் வேலை. அதை வருஷக்கணக்கில் ஓட வைப்பதுதான் தினசரி வேலை.

இன்னொரு பக்கம், விண்டோஸ் 10-க்கான இலவச பாதுகாப்பு அப்டேட்டை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 போட வேண்டும் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும், ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும். 2015, 2016-ல் வாங்கிய கம்ப்யூட்டர்கள் இதில் தேறுவது கஷ்டம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரைப் பழைய இரும்புக்குப் போடுவதா, வேறு வழி இருக்கிறதா என்ற கேள்வி இங்கேதான் வருகிறது.

சரி, லினக்ஸுக்கு மாறினால் பாடம் பாதிக்குமா? தமிழ்நாடு அரசின் பிளஸ் 1 கணினி அறிவியல் பாடநூலிலேயே விண்டோஸுடன் உபுண்டு லினக்ஸும் பாடமாக இருக்கிறது. பிளஸ் 1-ல் வரும் சி பிளஸ் பிளஸ், பிளஸ் 2-வில் வரும் பைத்தான் இரண்டுமே லினக்ஸில் காசில்லாமல் ஓடும். சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் 2007-ல் இருந்தே இருக்கிறது. தமிழ்நாடு அரசு வழங்கிய இலவச லேப்டாப்களிலும் விண்டோஸுடன் அது வந்தது.

மாரமங்கலம் போன்ற மலை ஊருக்கு என்ன லாபம்?

ஒரு பேச்சுக்கு, மலையில் 15 கம்ப்யூட்டர் உள்ள ஒரு பள்ளி லேபை எடுத்துக்கொள்வோம்.

நேரம்: ஒரு சிஸ்டத்தில் ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டு, தேவையான மென்பொருளை ஏற்ற 40 நிமிஷம் ஆகிறது என்றால், 15 சிஸ்டத்துக்கு 10 மணி நேரம். நெட்வொர்க் பூட்டில் சர்வரில் ஒரு முறை செய்தால் போதும். மறுநாள் காலையில் 15-ம் புதிய மென்பொருளோடு எழும்.

டேட்டா: ஒரு அப்டேட் 1 ஜிபி என்றால், தனித்தனி சிஸ்டத்தில் 15 ஜிபி இறக்க வேண்டும். மொபைல் சிக்னல் ஒன்றிரண்டு கோடு மட்டுமே காட்டும் இடத்தில் இது நடக்கிற காரியமா? சர்வரில் 1 ஜிபியோடு முடிந்துவிடும். அதுவும் முடியாவிட்டால், சர்வரை மட்டும் கீழே ஊருக்கு எடுத்துப்போய் அப்டேட் செய்துகொண்டு வரலாம். 15 கம்ப்யூட்டரை அப்படித் தூக்கிப் போக முடியாது.

பாதுகாப்பு: மாணவர்கள் செட்டிங்ஸை மாற்றினாலும், ஏதாவது அழித்தாலும் பயமில்லை. டிஸ்க் இமேஜில் யாரும் எழுத முடியாது. மாற்றங்கள் ரேமில் மட்டும்தான் இருக்கும். ஆஃப் செய்து ஆன் செய்தால் பழையபடி புதுசு. மாணவர்கள் சேமிக்கும் ஃபைல்கள் மட்டும் சர்வரில் அவரவர் கணக்கில் பத்திரமாக இருக்கும்.

மாற்று சிஸ்டம்: ஒரு கம்ப்யூட்டர் பழுதானால் அதே இடத்தில் வேறு பழைய கம்ப்யூட்டரை வைத்து கேபிளைச் செருகினால் போதும். அதில் ஹார்டு டிஸ்க் இருக்கிறதா, விண்டோஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதில்லை. மாணவி எந்த சீட்டில் உட்கார்ந்து லாகின் செய்தாலும் அவள் ஃபைல் அங்கே வரும்.

என்னென்ன தேவை?

சர்வர்: ஃபேட் கிளையன்ட் முறைக்கு நான்கு கோர் பிராசஸர், 8 ஜிபி ரேம் உள்ள டெஸ்க்டாப் போதும். ஆனால் அதில் எஸ்எஸ்டி கட்டாயம். 15 பேர் ஒரே நேரத்தில் கேட்கும்போது பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் தாங்காது.

ஸ்விட்ச்: 15 சிஸ்டத்துக்கு 24 போர்ட் ஜிகாபிட் ஸ்விட்ச். இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது. காரணம் எளிய கணக்கு. லாகின் திரை வரை வர ஒரு சிஸ்டம் 300 எம்பி இழுக்கிறது என்று வைத்தால், 15 சிஸ்டத்துக்கு 4,500 எம்பி. ஜிகாபிட் இணைப்பில் சர்வரால் நொடிக்கு சுமார் 110 எம்பி அனுப்ப முடியும். எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் முடியும். பழைய 100 மெகாபிட் ஸ்விட்ச் என்றால் நொடிக்கு 11, 12 எம்பிதான். ஆறு நிமிஷத்துக்கு மேல் ஆகிவிடும். 40 நிமிஷப் பீரியடில் இது பெரிய நஷ்டம்.

கேபிள்: கேட்-5இ அல்லது கேட்-6. ஒரு கேபிள் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. வைஃபை வழியாக இந்த முறையில் பூட் செய்வது பொதுவாக நடக்காது. கேபிள்தான் வழி.

யுபிஎஸ்: எல்லா சிஸ்டத்துக்கும் யுபிஎஸ் இல்லாவிட்டாலும், சர்வருக்கும் ஸ்விட்சுக்கும் கட்டாயம் வேண்டும். காற்று மழையில் சில்வர் ஓக் கிளை முறிந்து மின்கம்பியில் விழுந்தால் கரண்ட் போகும். கிளையன்டில் டிஸ்க் இல்லாததால் திடீரென ஆஃப் ஆனாலும் கெட ஒன்றும் இல்லை. சர்வர் அப்படி ஆஃப் ஆகக் கூடாது.

எர்த்திங்: மலையில் இடி மின்னல் கவலை தனி. சரியான எர்த் இணைப்பும் சர்ஜ் புரொடக்டரும் இல்லாமல் சர்வரை ஆன் செய்யவே கூடாது. ஒரு கட்டடத்தில் இருந்து இன்னொரு கட்டடத்துக்கு இணைப்பு கொண்டுபோனால் செம்புக் கம்பிக்குப் பதில் ஃபைபர் போடுவது பாதுகாப்பு. மின்னலின் பாதிப்பு ஃபைபர் வழியாகக் கடக்காது.

அமைப்பது எப்படி?

1. சர்வராகப் போகும் கம்ப்யூட்டரில் உபுண்டு அல்லது டெபியன் லினக்ஸை நிறுவ வேண்டும். வழக்கமான டெஸ்க்டாப் பதிப்பே போதும்.

2. மாணவர்களுக்குத் தேவையான எல்லா மென்பொருளையும் அதிலேயே போட வேண்டும். லிப்ரே ஆஃபீஸ், பைத்தான், சி பிளஸ் பிளஸ் கம்பைலர், தமிழ் தட்டச்சு எல்லாம்.

3. எல்டிஎஸ்பி, டிஎன்எஸ்மாஸ்க், என்எஃப்எஸ் சர்வர் ஆகிய மூன்றையும் நிறுவ வேண்டும். முகவரி கொடுப்பதையும் பூட் ஃபைல் கொடுப்பதையும் டிஎன்எஸ்மாஸ்க் பார்த்துக்கொள்ளும்.

4. சர்வரின் மொத்த சிஸ்டத்தையும் ஒரே இமேஜ் ஃபைலாகச் சுருக்க வேண்டும். இதற்கு எல்டிஎஸ்பியில் ஒரே ஒரு கட்டளை போதும். இனி மென்பொருளை மாற்றும் ஒவ்வொரு முறையும் இதை மறுபடி ஓட்ட வேண்டும். இதை மறந்துவிட்டு “சர்வர்ல போட்டேன், சிஸ்டத்துல வரலையே” என்று குழம்புவது சகஜம்.

5. மாணவர்களுக்குப் பயனர் கணக்குகளை உருவாக்க வேண்டும்.

6. ஒவ்வொரு கிளையன்டின் பயாஸிலும் நெட்வொர்க் பூட்டை முதல் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். புதிய கம்ப்யூட்டர்களில் ‘செக்யூர் பூட்’ தடையாக வந்தால் அதை அணைக்க வேண்டியிருக்கும்.

7. முதலில் ஒரே ஒரு கிளையன்டை மட்டும் வைத்துச் சோதிக்க வேண்டும். அது லாகின் திரைக்கு வந்த பிறகு மற்றவற்றை இணைக்கலாம்.

ஏற்கெனவே உள்ள ஹார்டு டிஸ்க்கை அழிக்க வேண்டியதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பயாஸில் வரிசையை மட்டும் மாற்றினால், பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும். பிடிக்கவில்லை என்றால் திரும்பிவிடலாம்.

சிஸ்டம் எழவில்லையா? இப்படிக் கண்டுபிடிக்கலாம்

ஒரே ஒரு சிஸ்டம் மட்டும் எழவில்லை என்றால் அந்தக் கேபிளிலோ அந்தக் கம்ப்யூட்டரிலோ கோளாறு. எல்லாமே எழவில்லை என்றால் முதலில் ஸ்விட்சில் விளக்கு எரிகிறதா, அடுத்து சர்வர் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

பழைய பிஎக்ஸ்இ சிஸ்டங்களில் திரையில் வரும் எண்ணே பாதி விடையைச் சொல்லிவிடும்.

• இ-61: கேபிள் இணைப்பு இல்லை. பிளக்கை எடுத்து மறுபடி செருகிப் பார்க்கவும்.

• இ-51: முகவரி கொடுக்க யாரும் பதில் சொல்லவில்லை. சர்வரோ அதன் டிஹெச்சிபி சேவையோ ஓடவில்லை.

• இ-53: முகவரி கிடைத்தது, ஆனால் பூட் ஃபைல் பெயர் வரவில்லை. சர்வருக்குப் பதிலாக வேறு ஏதோ ரவுட்டர் மட்டும் பதில் சொல்லியிருக்கலாம்.

• இ-32: ஃபைலைக் கேட்டது, வரவில்லை. சர்வரின் டிஎஃப்டிபி சேவையையும் ஃபயர்வாலையும் பார்க்கவும்.

புதிய யுஇஎஃப்ஐ கம்ப்யூட்டர்களில் வாசகம் கொஞ்சம் மாறும். ஆனால் கட்டங்கள் இதே வரிசைதான். இந்த நாலு வரியையும் அச்சிட்டு லேப் சுவரில் ஒட்டி வைத்தால், போனிலேயே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடலாம். மலை ஏறி வர வேண்டிய அவசியம் குறையும்.

எங்கே சிக்கல் வரும்?

ஒரே சர்வர் ஆபத்து: முன்பு ஒரு ஹார்டு டிஸ்க் போனால் 15-ல் 1 சிஸ்டம்தான் போகும். இப்போது சர்வரின் டிஸ்க் போனால் 15-ம் போகும். மாணவர்களின் ஃபைல்களும் சேர்ந்து போகும். மலை ஊரில் இது இரட்டை ஆபத்து. பழுது பார்க்க ஆள் வரும்வரை லேபுக்குப் பூட்டுதான்.

இதற்கு வழி இருக்கிறது. சர்வரின் எஸ்எஸ்டியை முழுசாக நகல் எடுத்து இன்னொரு எஸ்எஸ்டியில் போட்டு பீரோவில் வைத்துவிட வேண்டும். சர்வரில் டிஸ்க் போனால் இதை மாற்றினால் போதும். சர்வரே போனால், லேபில் உள்ள நல்ல சிஸ்டம் ஒன்றில் இதைப் பொருத்தி அதையே சர்வராக்கலாம். 15-ல் ஒன்று குறையும், 14 ஓடும். மாணவர்களின் ஃபைல்களை வாரம் ஒரு முறையாவது தனி டிரைவில் பேக்கப் எடுக்க வேண்டும். பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது. அதில் இருந்து ஒரு முறை லேபை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டு ரவுட்டர் குழப்பம்: யாராவது இன்டர்நெட்டுக்காக ஒரு ரவுட்டரைக் கொண்டுவந்து அதே ஸ்விட்சில் செருகினால், முகவரி கொடுக்க இரண்டு பேர் போட்டி போடுவார்கள். சில சிஸ்டம் எழும், சில எழாது. டிஎன்எஸ்மாஸ்க்கை ‘பிராக்சி டிஹெச்சிபி’ முறையில் வைத்தால், ரவுட்டர் முகவரி கொடுக்கும், சர்வர் பூட் தகவலை மட்டும் கொடுக்கும். சண்டை வராது.

விண்டோஸ் வேண்டும் என்றால்: விண்டோஸையும் டிஸ்க் இல்லாமல் ஓட்ட ஐஸ்கஸி போன்ற வழிகள் உண்டு. ஆனால் அமைப்பது சிக்கல், லைசென்ஸ் செலவும் உண்டு. விண்டோஸில் மட்டுமே ஓடும் மென்பொருள் கட்டாயம் என்றால் இந்த முறைக்கு அவசரப்பட்டு மாறக் கூடாது.

அனுமதி: அரசு லேப்களில் உள்ள கருவிகளுக்குப் பராமரிப்பு ஒப்பந்தமும் வாரன்டியும் இருக்கும். துறையின் அனுமதி இல்லாமல் அதில் கை வைக்கக் கூடாது. பள்ளிக்கு நன்கொடையாக வந்த, ஓரமாகக் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர்களில் தொடங்குவதே நல்லது.

தெரிந்த ஆள்: இதுதான் மிகப் பெரிய சிக்கல். சர்வரை அமைத்த ஆசிரியர் டிரான்ஸ்ஃபரில் போய்விட்டால் பாஸ்வேர்டும் அவரோடு போய்விடும். குறைந்தது இரண்டு பேருக்காவது இந்த வேலை தெரிந்திருக்க வேண்டும். பாஸ்வேர்டு, கட்டளைகள், கேபிள் வரைபடம் மூன்றையும் ஒரு நோட்டில் தமிழில் எழுதி, தலைமை ஆசிரியர் அறையில் பூட்டி வைக்க வேண்டும்.

யாருக்கு ஏற்றது, யாருக்கு வேண்டாம்?

மூன்று, நான்கு கம்ப்யூட்டர் மட்டுமே உள்ள இடத்துக்கு இது தேவையில்லை. தனித்தனியாகப் பார்த்துக்கொள்வதே சுலபம். லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துப்போகும் இடத்துக்கும் பொருந்தாது. கேபிளை விட்டு நகர்ந்தால் சிஸ்டம் நின்றுவிடும்.

பத்து சிஸ்டத்துக்கு மேல், எல்லாவற்றிலும் ஒரே மென்பொருள், தினமும் மாறி மாறி உட்காரும் மாணவர்கள், பக்கத்தில் சர்வீஸ் ஆள் இல்லாத ஊர். இந்த நாலும் சேர்ந்த இடத்துக்கு இது நன்றாகவே பொருந்தும். மாரமங்கலம் மாதிரியான மலை ஊர்ப் பள்ளிகள் இந்தப் பட்டியலில்தான் வருகின்றன.

ஆனால் வாங்கும்போதே கணக்கு சரியாக இருக்க வேண்டும். சர்வருக்கு யுபிஎஸ், பீரோவில் ஒரு நகல் எஸ்எஸ்டி, வேலை தெரிந்த இரண்டு பேர். இந்த மூன்றும் இருந்தால், அடுத்த முறை “மிஸ், இந்த சிஸ்டம் ஆன் ஆகலை” என்று ஒரு மாணவி சொல்லும்போது, சேலத்தில் இருந்து யாரும் 20 வளைவு ஏறி வரத் தேவையில்லை. ஓரத்தில் இருக்கும் பழைய பெட்டியை எடுத்து வைத்து, கேபிளை மாற்றிச் செருகினால் அதே பீரியடில் அவள் வேலையைத் தொடரலாம். இந்த மூன்றில் ஒன்று இல்லை என்றாலும், பழைய முறையே மேல்.